எரிந்த கப்பலின் பாதையில்

ஒரே நாளில் மூன்று தீவு பார்க்கப் போகிறேன் என்று ஏதென்ஸில் யாரிடம் சொன்னாலும் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். ஒரு தீவில் ஒரு வாரம் படுத்துக் கிடப்பதுதான் அவர்களுக்குத் தீவுக்குப் போவது. காலையில் கிளம்பி ஹைட்ரா, போரோஸ், ஏஜினா மூன்றையும் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவது சுற்றுலாப் பயணிகள் செய்கிற வேலை. சுற்றுலாப் பயணியாக இருப்பதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லாததால் சீட்டு வாங்கினேன்.

கிரேக்கக் கடலில் பெரிதும் சிறிதுமாகச் சுமார் 6,000 தீவுகள் உண்டு. மனிதர்கள் வாழ்வது 227 தீவுகளில்தான். அவற்றில் மூன்றை ஒரு பகலுக்குள் அடக்க வேண்டுமென்றால் சரோனிக் வளைகுடாவை விட்டால் வேறு நல்ல இடம் இல்லை. சாண்டோரினியும் மிக்கோனோஸும் நடுக்கடலில் கிடக்கின்றன. கோடையில் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று கிளம்பிவிட்டால் நாள்கணக்கில் நிற்காது; பெரிய கப்பல்களே துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். சரோனிக் வளைகுடாவுக்கு ஒரு பக்கம் ஆட்டிகா, மறுபக்கம் பெலொப்பொனீஸ் என்று நிலம் அணைகட்டி நிற்கிறது. அலை அடங்கிய கடல். வாந்தி மாத்திரை விழுங்கிவிட்டு வந்தவர்களும் பத்து மணிக்குள் காப்பி கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எட்டு மணிவாக்கில் கிளம்பிய கப்பலின் வலப்பக்கம் பிரேயஸ் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. அதற்கும் அப்பால் மங்கலாகச் சலாமிஸ் தீவு. கி.மு. 480இல் பாரசீகக் கடற்படையை அந்தக் குறுகலான நீரிணைக்குள் வரவழைத்துக் கிரேக்கர்கள் நொறுக்கியது அங்கேதான். கரையோர மலையில் ஆசனம் போட்டு அமர்ந்து பாரசீக மன்னன் ஜெர்க்ஸஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் வழிகாட்டிப் பெண் இதை ஐந்து மொழிகளில் சொன்னார். ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பிடித்தது ஜப்பானிய மொழியில் அரை நிமிடத்தில் முடிந்தது. எதை விட்டாரோ.

கிரேக்கம் என்றால் நமக்குச் சாக்ரடீஸ், அலெக்சாண்டர், சலவைக்கல் தூண்கள். பிறகு இரண்டாயிரம் ஆண்டு ஒன்றுமில்லை. அதன் பின் நேராக நீலக் கூரையும் வெள்ளைச் சுவரும் போட்ட விடுமுறை விளம்பரம். இந்தக் கப்பலில் வருகிற பெரும்பாலானோரும் இந்த இரண்டில் ஒன்றைத் தேடித்தான் வருகிறார்கள். சரோனிக் தீவுகளுக்குச் சொந்தமானதோ நடுவில் விடுபட்டுப்போன கதை. 1821இல் ஆட்டோமன் பேரரசுக்கு எதிராக எழுந்து, கடன் வாங்கிச் சண்டை போட்டு, பிழைத்து, பத்தே ஆண்டில் தன் முதல் தலைவரைத் தானே சுட்டுக் கொன்ற ஒரு புது நாட்டின் கதை அது. கப்பல் போகிற வரிசையில் அது பின்னாலிருந்து முன்னால் வருகிறது என்பதால் கொஞ்சம் தலையைத் திருப்பிக்கொண்டு கேட்க வேண்டும்.

மூன்று மணி நேரத்துக்கும் குறையாத ஓட்டத்துக்குப் பிறகு ஹைட்ரா. கடலிலிருந்து பார்த்தால் வெறும் மொட்டைப் பாறை. மரம் இல்லை, ஊர் இருக்கும் என்ற நம்பிக்கையும் வராது. கப்பல் ஒரு முனையைத் திரும்பியதும் மலைச்சரிவில் அரைவட்டமாக ஏறிப் போகும் சாம்பல்நிறக் கல்வீடுகளும் செம்மண் ஓடுகளும் ஒரேயடியாகக் கண்முன் வந்து நிற்கின்றன. துறைமுகத்தின் இரு முனைகளிலும் பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. நடுவில் ஒரு மடாலயத்தின் சலவைக்கல் மணிக்கூண்டு.

இறங்கியவுடன் எதிரே கழுதைகளும் கோவேறு கழுதைகளும். ஹைட்ராவில் கார், மோட்டார் சைக்கிள் எதற்கும் அனுமதி இல்லை, மிதிவண்டிக்கும் இல்லை. குப்பை வண்டி, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் மட்டும் விலக்கு. இதைச் சுற்றுலாவுக்கான அலங்காரம் என்று நினைத்தால், துறைமுகத்தில் பத்து நிமிடம் சும்மா நின்று பார்க்கலாம். சரக்குப் படகிலிருந்து இறங்கிய சிமெண்ட் மூட்டைகள், குடிநீர்ப் பெட்டிகள், ஒரு சலவை இயந்திரம் எல்லாம் கழுதை முதுகில் கட்டப்பட்டுப் படிக்கட்டுத் தெருக்களில் ஏறிப் போகின்றன. சலவை இயந்திரத்தைக் கட்டிய முறையில் ஒரு சாஸ்திரம் இருந்தது. ஒருபக்கம் இயந்திரம், மறுபக்கம் எடைக்கு எடை சரியாக மூட்டைகள். ஓட்டுபவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே நடந்தார். கழுதைக்கு வழி தெரிந்திருந்தது.

விளைநிலமும் இல்லை, ஊருக்குப் போதுமான தண்ணீரும் இல்லை. அண்மைக்காலம் வரை தண்ணீரே கப்பலில்தான் வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை பிறகு வந்தது. இப்படியொரு பாறையில் இத்தனை பெரிய மாளிகைகள் எப்படி? இங்கே குடியேறியவர்கள் ஆர்வனைட்டுகள், அதாவது அல்பேனிய மொழியின் கிளை ஒன்றைப் பேசிய மக்கள். மண் சோறு போடாததால் கடலில் இறங்கினார்கள். நெப்போலியன் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை துறைமுகங்களை முற்றுகையிட்டபோது, அந்த முற்றுகையின் கண்ணில் மண்ணைத் தூவித் தானியம் ஏற்றிப் போய்க் கொள்ளை லாபத்துக்கு விற்றார்கள். அந்தப் பணம்தான் இந்தக் கல்வீடுகள். வெளியே ஒரு பூவேலைப்பாடுகூட இல்லாத கோட்டை போன்ற சுவர். உள்ளே வெனிஸ் கண்ணாடியும் செதுக்கிய மரக்கூரையும். துறைமுகத்தின் மேற்குச் சரிவில் லாசரோஸ் கொண்டூரியோட்டிஸ் மாளிகை இப்போது அருங்காட்சியகம். ஏறப் படிகள் நிறைய. அதனாலேயே கூட்டம் இல்லை.

1821இல் கிளர்ச்சி வெடித்தபோது இந்தக் கப்பல் முதலாளிகள் தயங்கினார்கள் என்பதைச் சுற்றுலாக் கையேடுகள் பெரிதாகச் சொல்வதில்லை. தயங்கியதில் வியப்பில்லை, இழக்க அவர்களிடம் நிறைய இருந்தது. அந்தோனிஸ் ஒய்கோனோமு என்ற ஒரு கப்பல் தலைவன் நெப்போலியன் போர் முடிந்து வேலையற்றுக் கிடந்த மாலுமிகளைத் திரட்டி ஊரைக் கைப்பற்றி, முதலாளிகளின் கையை முறுக்கிப் போரில் இறக்கினான். அதே ஆண்டு முடிவதற்குள் அவன் கொல்லப்பட்டான். அவன் தள்ளிவிட்ட முதலாளிகளோ, இறங்கிய பிறகு கப்பல்களையும் சொத்தையும் கணக்குப் பார்க்காமல் கொட்டினார்கள். ஹைட்ரா, ஸ்பெட்சஸ், ப்சாரா என்ற மூன்று தீவுகளின் வணிகக் கப்பல்களே கிரேக்கத்தின் கடற்படை ஆயின. ஆட்டோமன் போர்க்கப்பல்களோடு பீரங்கிக்குப் பீரங்கி நிற்க முடியாது என்பதால் தீக்கப்பலை நம்பினார்கள். பழைய கலத்தில் தாரும் கந்தகமும் வெடிமருந்தும் நிரப்பி எதிரிக் கப்பலின் மேல் கொண்டுபோய் மோதிக் கொக்கி மாட்டிவிட்டு, திரிக்கு நெருப்பு வைத்ததும் பின்னால் இழுத்துவந்த சிறு படகில் குதித்துத் தப்பிப்பது. குதிக்கச் சில நொடி தாமதமானால் கதை முடிந்தது.

அந்தக் கடற்படையை நடத்தியவர் ஆந்திரியாஸ் மியாவூலிஸ். 1769இல் பிறந்தவர், முற்றுகையை மீறித் தானியம் கடத்திச் செல்வம் சேர்த்தவர்களில் ஒருவர். துறைமுகத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் அவருடைய இதயத்தைப் பதப்படுத்தி வெள்ளிக் கலசத்தில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் அவர் பெயரில் விழா நடக்கிறது. துறைமுகத்துக்கு வெளியே ஒரு படகைத் தீ வைத்துக் கொளுத்தி வாணவேடிக்கை விடுகிறார்கள். ஆட்டோமன் கப்பலை எரித்ததன் நினைவு அது. அவர் எரித்த இன்னொரு கப்பலைப் பற்றி விழாவில் பேச்சில்லை. அது அடுத்த தீவில்.

எங்கள் வழிகாட்டி ஹைட்ராவில் காட்டியது சோபியா லோரனை. அவர் நடித்து 1957இல் வெளியான 'பாய் ஆன் எ டால்பின்' படம் இங்கே எடுக்கப்பட்டது. தீவை ஹாலிவுட்டுக்கு அறிமுகப்படுத்தியது அதுதான். 1960இல் கனடாவிலிருந்து வந்த இளங்கவிஞர் லெனார்ட் கோஹன் 1,500 டாலருக்கு இங்கே ஒரு வீடு வாங்கினார், மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத வீடு. தெருவில் புதிதாக இழுத்த தொலைபேசிக் கம்பியில் வந்து உட்கார்ந்த பறவைகளிலிருந்து அவருடைய புகழ்பெற்ற பாடல் ஒன்று பிறந்தது. அந்த வீட்டைத் தேடி மேலே போனவர்கள் கப்பல் சங்கு ஊதியபோது ஓடி வந்தார்கள். நான் கரையோரக் கடையில் பாதாம் மாவில் செய்து பன்னீர் மணக்கும் அமிக்தலோத்தா வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்துவிட்டேன். இருக்கிற ஒன்றரை மணி நேரத்தை ஒரு பூட்டிய கதவின் முன் நின்று படம் எடுத்துச் செலவழிப்பதைவிட இது மேல் என்பது என் கட்சி.

ஹைட்ராவிலிருந்து கிளம்பியதும் சாப்பாடு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சைவம் கேட்டால் பச்சைக் காய்க் கலவை, அவரைக்கொட்டை, பாலாடைக்கட்டி. பிறகு இசை. புசுக்கி வாசித்தவர் எந்தெந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பாட்டு வைத்திருந்தார். இந்தியா என்றதும் ராஜ்கபூர் பாட்டு ஒன்று வந்தது. கடைசியில் எல்லாரையும் தோளோடு தோள் கோத்து நிற்கவைத்து சிர்தாக்கி ஆடவைத்தார்கள். மெதுவாக ஆரம்பித்து, மூச்சு வாங்க முடியாத வேகத்தில் முடியும் அந்த ஆட்டம் காலம்காலமாகக் கிரேக்க ஊர்களில் ஆடப்படுவது என்று பக்கத்தில் ஒருவர் தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். 1964இல் வெளிவந்த 'ஜோர்பா தி கிரீக்' படத்துக்காக மிக்கிஸ் தியோடராக்கிஸ் இசையில் உருவாக்கியது அது. இஸ்தான்புல்லின் கசாப்புக்காரர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய ஹசாப்பிக்கோ ஆட்டத்தை எடுத்து மாற்றிக்கொண்டார்கள். ஆடியவர் மெக்சிகோவில் பிறந்த அந்தோனி குவின். படம் வந்த பிறகு கிரேக்கர்கள் அதைத் தம்முடையதாக்கிக்கொண்டார்கள். அவர்களுடைய நாடே அந்த மாதிரி உருவானதுதான் என்பதால் எனக்கு இதில் குறை காணத் தோன்றவில்லை.

படத்துக்கு மூலமான நாவலின் கதை நடப்பது கிரீட் தீவில். ஆனால் நிக்கோஸ் கசன்சாக்கிஸ் அதை எழுதியது ஏஜினாவில், இரண்டாம் உலகப் போரின்போது, நாஜி ஆக்கிரமிப்பில் ஊரே பட்டினி கிடந்த காலத்தில். தின்னத் தெரிந்த, குடிக்கத் தெரிந்த, ஆடத் தெரிந்த ஒரு மனிதனை அப்போதுதான் எழுதியிருக்கிறார். அந்தத் தீவை நோக்கிப் போகிற கப்பலில் அந்த ஆட்டம் நடக்கிறது என்பதை ஒலிபெருக்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

போரோஸ் நடுவில் வருகிறது. பெலொப்பொனீஸ் கரைக்கும் தீவுக்கும் நடுவே சில நூறு மீட்டர் அகலமே உள்ள நீர்ச்சந்து. இருபக்கமும் வீடுகள், மாடத்தில் துணி உலர்த்துகிற பெண்மணியின் முகம் தெரிகிற தூரத்தில் கப்பல் நகர்கிறது. 1939இல் இந்தச் சந்து வழியாகப் போன ஹென்றி மில்லர் தன் கிரேக்கப் பயண நூலில் இதைப் பற்றிப் பரவசப்பட்டு எழுதினார். உடன் வந்தவர் கவிஞர் ஜார்ஜ் செஃபெரிஸ். போருக்குப் பின் 1946இல் செஃபெரிஸ் போரோஸுக்குத் திரும்பி வந்து ஒரு வீட்டில் தங்கி, கரையருகே மூழ்கிக் கிடந்த சிறு கப்பலின் பெயரையே தலைப்பாக வைத்து நீண்ட கவிதை எழுதினார். 1963இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

இங்கே தருவது ஒரு மணி நேரம்கூட இல்லை. ஊர் உச்சியில் உள்ள மணிக்கூண்டு வரை ஓடி ஏறி இறங்கலாம். தீவின் உள்மலையில் பொசைடன் கோயிலின் இடிபாடு இருக்கிறது. மாசிடோனியர்களிடமிருந்து தப்பி வந்த பேச்சாளர் டெமாஸ்தனிஸ் கி.மு. 322இல் அங்கே தஞ்சம் புகுந்து நஞ்சருந்தி இறந்தார். அதைப் பார்க்க இந்த நேரம் போதாது. மணிக்கூண்டடியிலிருந்து கீழே தெரியும் நீரைப் பார்ப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. மியாவூலிஸ் எரித்த இன்னொரு கப்பல் எரிந்தது அந்த நீரில்.

புது நாட்டுக்கு முதல் ஆளுநராக வந்தவர் யோவானிஸ் கப்போடிஸ்ட்ரியாஸ். கோர்ஃபூ தீவில் பிறந்து ரஷ்யப் பேரரசில் வெளியுறவு அமைச்சராக உயர்ந்தவர். நேர்மையானவர், யாரையும் கலந்து பேசாதவர். போரில் தாங்கள் இழந்த கப்பல்களுக்கு ஈடு கேட்ட ஹைட்ராக்காரர்களுக்கு அவர் கொடுக்க முன்வந்தது அவர்கள் கேட்டதில் கொஞ்சம். அரசியல் சட்டம் எங்கே என்ற கேள்விக்கும் பதில் இல்லை. ஹைட்ரா எதிர்த்தது. 1831 கோடையில் மியாவூலிஸ் போரோஸுக்கு வந்து இங்கே நங்கூரமிட்டிருந்த தேசியக் கடற்படையைக் கைப்பற்றினார். ஆளுநருக்கு உதவ வந்த ரஷ்யக் கப்பல்கள் நீர்ச்சந்தை மறித்தன. ஒப்படைப்பதைவிட அழிப்பது மேல் என்று முடிவு செய்த மியாவூலிஸ், கடற்படையின் மிகப் பெரிய கப்பலுக்கு நெருப்பு வைத்தார். லண்டனில் வாங்கிய கடனில், நியூயார்க்கில் இரண்டு ஃபிரிகேட்டுகளாகக் கட்டச் சொல்லி, செலவு எகிறிப்போய், ஒன்றை அமெரிக்காவுக்கே விற்றுத்தான் மற்றொன்றைக் கொண்டுவர முடிந்த கப்பல் அது. பெயர் ஹெல்லாஸ், கிரேக்கம். கூடவே எரிந்த இன்னொரு கப்பலுக்கு மியாவூலிஸின் சொந்தத் தீவின் பெயர். பிறகு அரசுப் படைகள் போரோஸ் ஊரைச் சூறையாடின. அந்த அக்டோபரில் நாஃப்பிலியோ நகரில் கோயிலுக்குப் போன ஆளுநரை, தங்கள் குடும்பத் தலைவரை அவர் சிறையில் வைத்திருந்த, மானி பகுதியைச் சேர்ந்த இருவர் வாசலிலேயே கொன்றார்கள்.

நம் ஊரிலும் விடுதலை வீரரின் வாழ்க்கை வரலாறு விடுதலை நாளோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று பாடநூலில் இருக்காது.

கடைசித் தீவு ஏஜினா, கதையின் முதல் அத்தியாயம். துறைமுக முனையில் ஒரு வெள்ளைச் சிற்றாலயம், கரையோரம் கட்டியிருக்கும் படகுகளிலேயே காய்கறிக் கடை, எங்கு திரும்பினாலும் பிஸ்தா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கே பிஸ்தாவைத் தோட்டம் தோட்டமாகப் பயிரிடுகிறார்கள். சுண்ணாம்பு மண், குறைந்த மழை, உப்புக்காற்று மூன்றையும் தாங்குகிற மரம். ஆண் மரத்தின் மகரந்தத்தைக் காற்றுதான் பெண் மரங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். ஓர் ஆண்டு நன்றாகக் காய்த்தால் மறு ஆண்டு கையை விரிக்கும். ஆகஸ்ட் கடைசியில் ஓடு மரத்திலேயே வாய் பிளக்கும்போது அறுவடை. கடைக்காரப் பெண் வறுத்ததில் ஒரு கை அள்ளிக் கொடுத்து, மற்ற நாட்டுப் பிஸ்தாவைப் பற்றித் தன் கருத்தை ஒரு முகச்சுளிப்பில் சொன்னார். விலை கேட்டபின் நான் வாங்கியது சின்னப் பொட்டலம்.

கிரேக்க உலகில் முதன்முதலில் நாணயம் அடித்த ஊர்களில் ஒன்று ஏஜினா. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் இங்கே அடித்த வெள்ளிக் காசில் ஒரு கடலாமை. வணிகத்தில் அந்த ஆமை ஊர்ந்து போகாத துறைமுகம் கிடையாது. அது ஏதென்ஸின் கண்ணை உறுத்தியது. ஏஜினாவை அடக்கி, கி.மு. 431இல் அதன் மக்களையே தீவைவிட்டு விரட்டினார்கள். பிற்காலக் காசுகளில் கடலாமை போய் நிலத்தில் நடக்கும் ஆமை வந்துவிட்டது. கடலாட்சி போனதன் அடையாளம் என்று நாணயம் ஆராய்கிறவர்கள் சிலர் சொல்வதுண்டு. 1828 ஜனவரியில் கப்போடிஸ்ட்ரியாஸ் வந்து இறங்கியபோது இந்தச் சின்னத் துறைமுகம்தான் நாட்டின் தலைநகர். அரசிடம் பணம் என்று எதுவும் இல்லை, காசு என்றால் ஆட்டோமன் காசுதான். மால்டாவிலிருந்து பழைய நாணய இயந்திரங்களை வாங்கி இங்கேயே புதுக் காசு அடித்தார். அதில் சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை. சில ஆண்டுகளில் டிராக்மா வந்து அதை மறக்கடித்தது.

போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அவர் கட்டிய பெரிய அநாதை இல்லம் ஊருக்குள் இன்னும் நிற்கிறது. நாட்டின் முதல் அருங்காட்சியகமும் அங்கேதான் 1829இல் தொடங்கியது. பின்னாளில் அதே கட்டடம் சிறையாகி, அரசியல் கைதிகளை அடைத்து வைத்து, 1980களில்தான் மூடப்பட்டது. அதே 1829இல் தலைநகர் நாஃப்பிலியோவுக்குப் போய்விட்டது. ஏதென்ஸுக்கு வந்தது 1834இல். அரசு இயங்கிய மார்க்கெல்லோஸ் கோபுரம் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. தேடிப் போனால் இளஞ்சிவப்புப் பூச்சும் மூடிய கதவும் தெரியும். நான் பார்த்தபோது வாசலில் இரண்டு ஸ்கூட்டர் நின்றன. ஹைட்ராவிலிருந்து வந்த கண்ணுக்கு ஸ்கூட்டரே ஒரு காட்சிதான்.

கூடுதல் பணம் கட்டினால் பேருந்தில் அஃபாயா கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். கட்டலாம். வழியில் புனித நெக்தாரியோஸின் பேராலயம். 1920இல் இறந்து 1961இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர், நோய் தீரவேண்டி நாடெங்கிலுமிருந்து அவரிடம் வருகிறார்கள். பிறகு பைன் மரங்களுக்கு நடுவே குன்றின் மேல் அஃபாயா. கி.மு. 500ஐ ஒட்டிக் கட்டியது, பார்த்தெனானுக்கு அரை நூற்றாண்டு மூத்தது. 32 வெளித்தூண்களில் பெரும்பாலானவை நிற்கின்றன. இந்தக் கோயில், பார்த்தெனான், சூனியோ முனையின் பொசைடன் கோயில் மூன்றும் சேர்ந்து ஒரு புனித முக்கோணம் என்றார் வழிகாட்டி. எந்த மூன்று இடத்தைச் சேர்த்தாலும் முக்கோணம்தானே வரும் என்று ஒரு ஜெர்மன் மாணவன் கேட்டான். பதில் சொல்லாமல் அடுத்த தூணுக்குப் போனார்.

அந்த மாணவனுக்கு இந்தக் கோயிலின் சிற்பங்களைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். கோயிலின் முகப்பு முக்கோணங்களில் ட்ராய்ப் போரின் வீரர்கள் இருந்தார்கள். 1811இல் காக்கரெல் என்ற ஆங்கிலேயரும் ஹாலர் என்ற ஜெர்மானியரும் அவர்களுடைய கூட்டாளிகளும் மண்ணைத் தோண்டி அவற்றை எடுத்துப் படகேற்றினார்கள். ஏலத்தில் எடுத்தவர் பவேரியாவின் பட்டத்து இளவரசர் லுட்விக். மியூனிக்கில் அவர் கட்டிய சிற்பக்கூடத்தில் இன்றும் இருக்கின்றன. தோர்வால்ட்சன் என்ற புகழ்பெற்ற டேனிஷ் சிற்பி உடைந்த கைகால்களைப் புதிதாகச் செதுக்கி ஒட்டினார். 1960களில் அந்த ஒட்டுவேலை பிடிக்காமல் பிய்த்து எடுத்துவிட்டார்கள்.

ஆளுநர் கொல்லப்பட்டு நாடு உள்நாட்டுச் சண்டையில் கிடந்தபோது பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவும் கூடிப் பேசி, கிரேக்கத்துக்கு ஒரு மன்னரை ஏற்பாடு செய்தன. 1833இல் நாஃப்பிலியோவில் வந்து இறங்கிய அந்த மன்னர் ஒத்தோவுக்கு அப்போது வயது 17. அப்பா, மியூனிக்கில் சிற்பக்கூடம் கட்டிய அதே லுட்விக். ஏஜினாவிலிருந்து வீரர்களை வாங்கிப் போன குடும்பம் இருபது ஆண்டில் ஒரு பையனை அனுப்பி வைத்தது. சிற்பங்கள் திரும்பவில்லை, பையனை 1862இல் கிரேக்கர்களே திருப்பி அனுப்பினார்கள்.

பேருந்து துறைமுகத்துக்குத் திரும்ப அரை மணி நேரம் மிச்சம் இருந்தது. வேறொரு முறை வந்தால் இந்தக் கப்பலில் வரமாட்டேன். பிரேயஸிலிருந்து சாதாரண ஃபெரியில் ஒன்றேகால் மணி நேரம், விரைவுப் படகில் நாற்பது நிமிடம். ஏஜினாவுக்கு நாள் முழுக்கப் போக்குவரத்து உண்டு. காலை முதல் படகில் வந்து அநாதை இல்லத்தையும் மார்க்கெல்லோஸ் கோபுரத்தையும் நிதானமாகப் பார்த்து, பகலில் ஊர்ப் பேருந்தில் அஃபாயா ஏறலாம். இன்னும் கொஞ்சம் வசதி இருந்தால் அங்கேயே இரவு தங்கி, மறுநாள் போரோஸுக்கோ ஹைட்ராவுக்கோ படகு பிடிக்கலாம். ஆனால் மூன்றையும் ஒரே பகலில் பார்த்திராவிட்டால், எரிந்த கப்பலும் அதை எரித்தவரின் ஊரும் எரிக்கக் காரணமானவரின் தலைநகரும் இத்தனை பக்கத்தில் இருப்பது எனக்கு உறைத்திருக்காது. ஏதென்ஸ்காரர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.